கறுப்பு அங்கியும் காவி உடையும்

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். முதலில் வருவது ஆங்காரம். அதற்கு மாற்றான புண்ணியம் தாழ்ச்சி. ஒப்பிப்பதில் சிரமம் இல்லை. ஒரு மனிதரிடம் இருப்பது இரண்டில் எது என்று அடையாளம் காண்பதுதான் பெரும்பாடு. நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் இருந்த இரண்டு இயேசு சபைக் குருக்களை அருகருகே நிறுத்திப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வகுப்பு நினைவுக்கு வரும்.

மூத்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துக்கல்காரர். சிப்பாயாக இந்தியாவுக்கு வந்து, பிறகு சபையில் சேர்ந்தவர். 1595 முதல் நாயக்கர்களின் மதுரையில் இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவர்களுக்கு ஒரு கோயில், ஒரு சிறு பள்ளி, நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க ஓர் இடம். அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். ஊர்க்காரர்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், வேதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஞானஸ்நானம் கேட்டு வருபவரிடம் ‘பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா’ என்று கேட்கும் வழக்கம் அன்று இருந்தது. மாடு தின்று மது குடிக்கும் கூட்டம் என்பதே மதுரையில் அந்தச் சொல்லுக்குப் பொருள். பெர்னாண்டஸுக்கோ அதில் கூச்சமே இல்லை. பரங்கி என்றால் போர்த்துக்கல்காரன், போர்த்துக்கல்காரன் என்றால் கிறிஸ்தவன்; இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

இளையவர் இராபர்ட் தெ நொபிலி. 1577இல் இத்தாலியில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பாப்பரசர் மூன்றாம் ஜூலியஸ் அந்தக் குடும்பத்துக்கு உறவு. கர்தினால் பெல்லார்மினும் உறவு. 1606இல் மதுரைக்கு வந்து பெர்னாண்டஸின் வீட்டில்தான் தங்கினார். சில மாதங்களில் பிரச்சினை எங்கே என்று கண்டுகொண்டார். கறுப்பு அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் தண்டும் கமண்டலமும். ஒரு நாளைக்கு ஒரே வேளை மரக்கறி உணவு, சமையலுக்குப் பிராமணர். பெர்னாண்டஸை விட்டுத் தனியே குடிபோய், அவரோடு வெளிப்படையாகப் பழகுவதையும் நிறுத்திக்கொண்டார். தாம் பரங்கி அல்ல, உரோமாபுரியில் ராஜகுலத்தில் பிறந்தவர் என்று 1611இல் ஓலையில் எழுதித் தம் வீட்டு வாசலில் வைத்தார்.

இந்த ஓலைதான் என்னைத் தடுக்கி விழ வைக்கிறது. சோற்றைக் குறைத்தவர், நாக்கை அடக்கியவர், தாய்மொழியையும் ஓரம் கட்டிவிட்டுத் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றவர். சிவதர்மர் என்ற பிராமணரிடம் மாணவராக உட்கார்ந்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு குரு, ‘இந்த ஊரிடம் எனக்குக் கற்க இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்வதற்கு எத்தனை தாழ்ச்சி வேண்டும்! பெர்னாண்டஸுக்கு அந்தப் பக்குவம் வாய்க்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் துறந்த அதே நொபிலி, வாசலில் குலத்தை எழுதி வைக்கிறார். ஊரோடு பேச அது ஒரு சாவி, வேறு வழியில்லை என்பார்கள். இருக்கலாம். சாவி கையில் இருந்தால் திறக்கவும் செய்யலாம், பூட்டவும் செய்யலாம் அல்லவா?

நொபிலியின் முறையைப் பற்றிப் பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அதில் பொறாமை இருந்தது; அறுபதைத் தாண்டிய ஒரு கிழவரின் மனப்புண்ணும் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் விடாமல் வைத்துக்கொண்ட பூணூலும் குடுமியும் குலச் சின்னங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று நொபிலி வாதிட்டார். இல்லை என்று காட்ட பெர்னாண்டஸ் உள்ளூர்ப் பிராமணர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்துச் சடங்குகளைப் பற்றி 1616இல் ஒரு நூலே எழுதிவிட்டார். ஊரைக் கற்க மறுத்தவரைக் கோபம் கற்க வைத்தது!

வழக்கு கோவாவுக்குப் போய், உரோமை வரை நீண்டது. உறவினரான நொபிலி அஞ்ஞானியாகிவிட்டார் என்ற வதந்தியை நம்பிக் கடிந்து எழுதிய பெல்லார்மின், விளக்கம் கிடைத்ததும் அவர் பக்கம் நின்றார். உறவினராகக் கர்தினால் இருந்தால் விளக்கம் சொல்லவாவது காது கிடைக்கும். முன்னாள் சிப்பாய்க்கு அப்படி யாரும் இல்லை. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் முறைக்கு அனுமதி தந்தார். அந்த ஆவணத்திலேயே இன்னொரு வேண்டுகோளும் உண்டு: உயர்குலப் பெருமை உள்ளவர்கள் எளியவர்களை, அதுவும் கோயிலுக்குள், இகழ வேண்டாம் என்பது. அனுமதியை எல்லாரும் வாசித்தார்கள். வேண்டுகோளை வாசித்தவர்கள் குறைவு.

இருவரிடமும் ஆங்காரம் இருந்தது. ஒருவருக்குத் தேசத்தின் பேரில், மற்றவருக்குக் குலத்தின் பேரில். நான் பார்ப்பது அதற்கு விலை கொடுத்தது யார் என்பதை. பெர்னாண்டஸின் ஆங்காரத்துக்குப் பெரும்பாலும் அவரே விலை கொடுத்தார்: வேதத்தில் சேர ஆள் இல்லை, வழக்கிலும் தோல்வி. நொபிலி தம் உடம்பை வருத்திக்கொண்டார், 1640இல் திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் சிறையும் கண்டார். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அவர் வாசலில் எழுதி வைத்த குலத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள். ஒடுக்கப்பட்டவர்களிடம் போக, பண்டார சுவாமிகள் என்று குருக்களில் இன்னொரு வகையை 1640 வாக்கில் ஏற்படுத்த வேண்டியிருந்தது. ஒரே ஆண்டவருக்கு இரண்டு வகைத் தூதர்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. அதை நொபிலி கட்டவில்லை என்பது உண்மை. தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள் குலம் வந்து உட்கார இடம் போட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதும் உண்மை.

நொபிலி 1656இல் மயிலாப்பூரில், பார்வை மங்கிய நிலையில் இறந்தார். தத்துவ போதகர் என்று தமிழ் உரைநடை வரலாறு அவரை மரியாதையோடு நினைக்கிறது, அது தகும். பெர்னாண்டஸ் மதுரையில் உட்கார்ந்து எழுதிய நூல் லிஸ்பனில் முதன்முதலாக அச்சேறியது 1973இல்.