நாயுடன் நடத்தல்

நாயுடன் நடத்தல் என்பது வளர்ப்பு நாயை வாரில் பிடித்து வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் ஆகும். இது நாய்க்கும் மனிதருக்கும் உடற்பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் அமைகிறது.

பிரித்தானியா

இங்கிலாந்து, வேல்சு ஆகிய நாடுகளில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, புல்வெளி போன்ற திறந்த நிலங்களில் நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு வழங்கியது. அந்நிலங்களில் மார்ச் 1 முதல் சூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காப்பதே இதன் நோக்கமாகும். கால்நடைகளின் அருகில் இவ்விதி ஆண்டு முழுவதும் பொருந்தும்.

தமிழகக் கடற்கரை

வடக்குத்து, நெய்வேலி ஆகிய ஊர்கள் அடங்கிய கடலூர் மாவட்டத்தின் கிழக்கே வங்காள விரிகுடா உள்ளது. இக்கரையில் சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. நாய்கள் அக்குழிகளைக் கிளறி முட்டைகளைத் தின்பதுண்டு. எனவே இம்மாதங்களில் நாயை அவிழ்த்துவிடாமல் நடத்துவது ஆமைகளைக் காக்க உதவும்.