முன்நிபந்தனைக்கு அப்பால்: ஏரியான் 5 விபத்தும் மென்பொருள் கூறுகளின் ஒருங்கிணைப்பும்

ஏற்கெனவே எழுதப்பட்டு, பயன்பாட்டில் தேறிய மென்பொருள் கூறுகளை இணைத்துப் புதிய அமைப்புகளை உருவாக்கும் முறை, சரியாக இயங்குவது ஒரு கூறின் உள்ளார்ந்த பண்பு என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. உண்மையில் அது கூறுக்கும் அதன் சூழலுக்கும் இடையிலான உறவாகும். நிரல் செய்ய வேண்டியதைத் தருக்கக் குறியீட்டில் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கும் முறைசார் விவரக்குறிப்பு, டோனி ஹோர் 1969இல் வகுத்த வழியில், நிரல் தொடங்குமுன் மெய்யாயிருக்க வேண்டிய முன்நிபந்தனையையும் முடிந்தபின் மெய்யாகும் பின்நிபந்தனையையும் கொண்டது. ஒரு கூறு வேண்டும் முன்நிபந்தனையை அண்டைக் கூறுகளும் புறச்சூழலும் நிறைவேற்றுகின்றனவா என ஆராய்வது ஒருங்கிணைப்புப் பகுப்பாய்வு.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தி, ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. அதன் வேகத்தையும் சாய்வையும் கணிக்கும் கருவியின் மென்பொருள் பெரும்பாலும் ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் கிடைமட்டத் திசைவேகம் சார்ந்த 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்று, 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. ஏரியான் 4இன் பாதையில் மதிப்பு அவ்வரம்பை எட்டாது என்பதாலும், கணினியின் பளுவை 80 சதவீதத்துக்குள் வைக்க வேண்டியிருந்ததாலும் அம்மாற்றத்துக்குக் காப்பு எழுதப்படவில்லை. அன்றைய நிலையில் அது தவறான முடிவும் அன்று. ஏரியான் 5இலோ கிடைமட்டத் திசைவேகம் ஐந்து மடங்கு விரைந்து ஏற, மதிப்பு அவ்வரம்பைத் தாண்டியது. வரம்பை மீறவைத்த அந்தக் கணக்கு, ஏவூர்தி தரையை விட்டபின் ஏரியான் 5க்குத் தேவைப்படவே இல்லை.

முன்நிபந்தனை நிரலிலேயே எழுதப்பட்டிருந்தால் விபத்து அநேகமாகத் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று ஷான்-மார்க் ஷெஸெகெலும் பெர்ட்ரான்ட் மேயரும் 1997இல் வாதிட்டனர். அவ்வாதம் பாதியளவே செல்லும். ஏரியான் 5இன் பாதைத் தரவு அக்கருவிக்கான தேவை விவரங்களில் சேர்க்கப்படவில்லை என்பதை விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு கண்டறிந்தது; அத்தரவு இல்லாத நிலையில், எழுதப்பட்ட நிபந்தனையையும் எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி எஞ்சுகிறது.

அதைவிடப் பெரிய குறை தோல்வியின் வரையறையில் இருந்தது. பிழைகள் வன்பொருளில் தற்செயலாகத் தோன்றுபவை என்ற எண்ணத்தில், வரம்பு மீறல் போன்ற எந்த விதிவிலக்கு நேர்ந்தாலும் செயலியை நிறுத்துமாறு விவரக்குறிப்பே கூறியது. அதே மென்பொருளை ஓட்டிய மாற்றுக் கருவி முன்னரே நின்றுபோயிருக்க, முதன்மைக் கருவி அனுப்பிய பழுதறி தரவைப் பறப்புத் தரவாகக் கொண்ட, ஏவூர்தியை இயக்கும் கணினி, உந்துகுழல்களை முழுக் கோணத்துக்குத் திருப்பியதால் ஏவூர்தி சிதறியது. மதிப்புகளின் வரம்பை மட்டும் பேசும் முன்நிபந்தனை இதைப் பிடிக்காது. டி அல்ஃபாரோவும் ஹென்சிங்கரும் 2001இல் முன்வைத்த இடைமுகத் தானியங்கிகள், கூறுகள் செய்திகளைப் பரிமாறும் வரிசையையே கணித உருவில் வைப்பவை. பழுதுச் செய்தியும் தனி வெளியீடாக அதில் இடம்பெற்றால், அதை ஏற்க வழியற்ற பெறுநர், இணைப்பு நிலையிலேயே பொருந்தாமையாக வெளிப்படும். ஆகவே தோல்வியுற்ற கூறு என்ன அனுப்பும் என்பதும் இடைமுகத்தின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். எந்த உணரியும் தன்னால் இயன்ற தரவை அனுப்புவதை நிறுத்தக்கூடாது என்று விசாரணைக் குழு பரிந்துரைத்ததும் இக்குறையைக் கருதியே.