ஏரி குளிர்ச்சி தந்தது, சூடு யார் தருவது?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களை ஒரு ஏரிதான் குளிர வைக்கிறது என்று முதலில் படித்தபோது ஏதோ விளம்பர வாசகம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்தக் குழாய்களின் வரைபடத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி ஆபீஸ் வேலை எதுவும் நடக்கவில்லை.

நியூயார்க் நகரத்திலிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் இத்தாக்கா. ஊருக்கு வடக்கே கயூகா ஏரி. பனியாறுகள் குடைந்து விட்டுப்போன பள்ளம் அது. சுமார் 60 கிலோமீட்டர் நீளம், ரொம்பக் குறுகலான அகலம், ஆழம் 130 மீட்டருக்கும் மேல். தண்ணீருக்கு ஒரு வினோத குணம் உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: 4 டிகிரி செல்சியஸில்தான் அது அதிக அடர்த்தியோடு இருக்கும். குளிர்காலத்தில் மேல்மட்டத் தண்ணீர் குளிர்ந்து, கனத்து, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கோடையில் மேலே சூடாகிற தண்ணீர் லேசானது என்பதால் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே வெளியே ஜூலை வெயில் அடித்தாலும் அடியில் மார்கழிதான்.

கார்னெல் செய்தது இதுதான். 75 மீட்டர் ஆழத்திலிருந்து, மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான குழாயில் அந்தக் குளிர்ந்த நீரைக் கரைக்கு இழுத்தார்கள். கரையிலுள்ள கட்டடத்தில் உலோகத் தகடுகளின் ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் மலைமேலுள்ள வளாகத்திலிருந்து சூடாகி வருகிற தண்ணீர். இரண்டும் கலப்பதில்லை. சூடு மட்டும் கைமாறும். 2000-இல் இது ஓட ஆரம்பித்தது. குளிரூட்டலுக்கான மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம் என்கிறது பல்கலைக்கழகம். பழைய சில்லர்களில் இருந்ததோ ஓசோனைத் தின்னும் சி.எஃப்.சி. 1987-இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவற்றை எப்படியும் மாற்றியாக வேண்டும் என்ற நெருக்கடிதான் இந்த யோசனைக்கு நிஜமான உந்துதல். அப்போது கார்பனைப் பற்றி இவ்வளவு பேச்சு இல்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆழத்து நீரில் பாஸ்பரஸ் இருக்கும். அதைக் கொண்டுவந்து ஆழமில்லாத தென்முனையில் விட்டால் பாசி பிடிக்காதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பல வருஷம் ஓடிய வாக்குவாதம் அது. கடைசியில் மாநில அரசும் தலையிட்டு ஆய்வு செய்யச் சொன்னது. "இலவசக் குளிர்" என்று யாராவது சொன்னால் இந்தப் பாசிக் கதையையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

ஆனால் இத்தாக்காவின் பிரச்சினை வெயில் இல்லை, குளிர். ஏப்ரலில்கூடப் பனி கொட்டுகிற ஊர். வகுப்பறை, விடுதி, ஆய்வகம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் சூடாக வைத்திருக்க வேண்டும். அதற்கு வளாகத்தில் பாய்லர்கள், நிலத்தடியில் நீராவிக் குழாய்கள். எரிபொருள், பல தலைமுறைகளாக நிலக்கரி.

2001-இல் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கியோட்டோ ஒப்பந்தத்தின் இலக்கைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. 2007-இல் அப்போதைய தலைவர் டேவிட் ஸ்கோர்ட்டன், வளாகத்தைக் கார்பன் சமநிலைக்குக் கொண்டுவருவதாகக் கையெழுத்திட்டார். 2009-இன் கடைசியில் இரண்டு எரிவாயு டர்பைன்கள் வந்தன, சேர்த்து சுமார் 30 மெகாவாட். சாதாரண அனல்மின் நிலையம் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் சூடாக வெளியே விட்டுவிடும். இங்கே மின்சாரம் எடுத்தபிறகு மிஞ்சும் சூட்டிலேயே நீராவி. இஞ்சினியரிங் படித்த எவனுக்கும் பிடித்துப்போகிற ஏற்பாடு, எனக்கும் பிடித்தது. 2011-இல் நிலக்கரி எரிப்பது நின்றது. கணக்குப் புத்தகத்தில் கோடு சரசரவென்று கீழே இறங்கியது.

அதே 2011-இல், அதே வளாகத்தில் உட்கார்ந்து ராபர்ட் ஹோவர்த் ஒரு கட்டுரை எழுதினார். கூட எழுதியவர்கள் ரெனீ சான்டோரோ, ஆன்டனி இங்கிராஃபியா. ஷேல் பாறையைப் பிளந்து எடுக்கும் வாயுவில், கிணற்றின் ஆயுளுக்குள் 3.6 முதல் 7.9 சதவீதம் வரை மீத்தேன் கசிந்துவிடுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. 20 வருஷக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு நிலக்கரியைவிட மோசமாகவே இருக்கலாம் என்றார்கள். அதாவது கிணற்றிலிருந்து டர்பைனுக்கு வருகிற வழியில் நடப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த வருஷமே பதில் வந்தது, அதுவும் கார்னெலிலிருந்தே. புவியியலாளர் லாரன்ஸ் கேத்தில்ஸும் மற்றவர்களும், கசிவை மிகையாகப் போட்டுவிட்டீர்கள், 20 வருஷம் என்பதும் தவறான அளவுகோல், 100 வருஷம்தான் சரி என்றார்கள். இது வெறும் வறட்டு விவாதமா? இல்லை. ஐ.பி.சி.சி.யின் 2013 அறிக்கைப்படி, ஒரு டன் மீத்தேன் 100 வருஷக் கணக்கில் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், 20 வருஷக் கணக்கில் 84 டன்னுக்கு. மீத்தேன் சீக்கிரம் சிதைந்துவிடும், இருக்கும்வரை பேயாட்டம் ஆடும், அதனால் இந்த வித்தியாசம். எந்தக் கால அளவைப் போடுவது என்பதில் அறிவியல் பாதி, நமக்கு எந்தத் தலைமுறைமேல் அக்கறை என்பது மீதி. என் ஓட்டு ஹோவர்த்துக்குத்தான். அடுத்த 20 வருஷத்தில்தானே நாம் இருக்கப்போகிறோம்?

ஒரு சொந்தக் கதை. சில வருஷம் முன்னால் ஒரு வாடிக்கையாளருக்கு, அவர்கள் கட்டடங்களின் மின்செலவைக் காட்டும் டாஷ்போர்டு ஒன்று எழுதினேன். டீசல் ஜெனரேட்டர்களை எங்கே சேர்ப்பது என்று கேட்டேன். "அது வேற டிபார்ட்மெண்ட், விட்ருங்க" என்றார்கள். விட்டுவிட்டேன். பச்சைக் கலரில் அழகாக வந்தது அந்த கிராஃப். கயூகா கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பச்சை ஞாபகம் வரும்.

கார்னெல் ஒரு விஷயத்தில் என்னைவிட மேல். 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், வழியில் கசியும் மீத்தேனையும் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். அதைச் சேர்த்ததும், நிலக்கரியை விட்டதில் கிடைத்த நல்ல பேர் கொஞ்சம் மங்கியது. நியூயார்க் மாநிலத்தின் 2019 காலநிலைச் சட்டமும் 20 வருஷ அளவையே எடுத்துக்கொண்டது. வெளிமாநிலத்திலிருந்து வரும் எரிபொருளின் கசிவும் அதில் சேர்த்தி.

ஆக, குளிர்ச்சிக்கு ஏரி கிடைத்தது, சூட்டுக்கு? பூமிக்கடியில் தேடுகிறார்கள். 2022 கோடையில் வளாகத்தில் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டார்கள். ஒரு கிணற்றில் தண்ணீரை இறக்கி, சூடான பாறை வழியாக ஓடவிட்டு, இன்னொரு கிணற்றில் மேலே எடுப்பது திட்டம். பாறைக்குள் தண்ணீர் ஓட வழி விடுமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குத் தோதாக வளாகத்து நீராவிக் குழாய்களையும் வெந்நீர்க் குழாய்களாக மாற்ற வேண்டும். கட்டடம் கட்டடமாகப் போய்த் தரையைத் தோண்டுகிற வேலை அது. கார்பன் சமநிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் கெடு 2035. இப்போதைக்கு இருப்பது அந்த ஒற்றைத் துளைதான், அதுவும் பாறையை அளந்து பார்ப்பதற்காகப் போட்டது. மேலே டர்பைன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.