பவளப்பாறைத் தொட்டி: நீரும் ஒளியும் - ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

கடலில் வாழும் பவள உயிரிகளை வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டியில் உயிருடன் வளர்ப்பதற்குப் பவளப்பாறைத் தொட்டி என்று பெயர். இது நன்னீர் மீன்தொட்டியைப் போல எளிதன்று. பல வண்ணமீன்கள் கெட்ட நீரைச் சில நாள்களாவது தாங்கிக்கொள்ளும். பவளங்கள் பெரும்பாலும் தாங்குவதில்லை. நீரின் உப்புத்தன்மை, வெப்பம், வேதிப்பொருள்கள், மேலிருந்து விழும் ஒளி ஆகிய நான்கும் ஒருசேரப் பொருந்தினால்தான் வெப்பமண்டலப் பவளம் வளரும். இந்த அறிவு ஒரே நாளில் கிடைத்ததன்று. முதலில் நீரைப் பற்றியும், அதற்கு வெகுகாலம் கழித்தே ஒளியைப் பற்றியும் மனிதர் அறிந்துகொண்டனர். அந்த இடைவெளியில் தொட்டிகளில் மாண்ட உயிரினங்கள் கணக்கற்றவை.

நீரைக் காத்த முதல் முயற்சி

1846-ஆம் ஆண்டு ஆனா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி, இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கற்பவளங்களை ஒரு சாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடற்கரை தொலைவில் இருந்ததால் புதிய கடல்நீர் எளிதில் கிடைக்கவில்லை. எனவே இருந்த நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு, திறந்த சன்னலருகே மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். காற்று கலந்த நீரில் பவளங்கள் உயிர்பிழைத்தன. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் அவற்றுடன் சேர்த்து வளர்த்தார். இன்று மோட்டார் செய்யும் வேலையை அன்று பணிப்பெண்ணின் கைகள் செய்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை குளிர்ந்த கடலில் தனித்தனியாக வாழும் பவளங்கள். அவற்றுக்கு ஒளி தேவையில்லை. ஆகவே நீரைக் காத்ததே போதுமானதாக இருந்தது.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தாவரமும் விலங்கும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று காத்து வாழும் சமநிலையை விளக்கினார். 1853-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு கொண்ட பிலிப் ஹென்றி காஸ், 1854-இல் தொட்டி வளர்ப்பு பற்றிய நூலை வெளியிட்டார். கடல்நீரின் வேதியியல் பகுப்பாய்வை அடிப்படையாகக் கொண்டு, உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் அறிமுகப்படுத்தினார்.

இதன் விளைவு இருவகைப்பட்டது. கடலோரம் இல்லாத ஊர்களிலும் கடல் உயிரிகளை வளர்க்க வழி பிறந்தது. அதே வேளையில், ஆர்வலர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று இங்கிலாந்தின் கரையோரப் பாறைக்குட்டைகளைச் சூறையாடினர். காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இந்த அழிவை வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

தொட்டியில் மீன்களின் கழிவும் மிச்ச உணவும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. இது சிறிதளவே இருந்தாலும் நஞ்சு. ஒருவகை பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிவியலாளர் இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியில் நீரை நிரப்பியவுடன் உயிரிகளை விடாமல் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்வது இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்காகவே.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், தம் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் விளக்கினார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் படிந்த பாறைத்துண்டுகள், இயற்கைக் கடல்நீர், சூரிய ஒளி, காற்றுக்குமிழி ஆகியவையே அவர் பயன்படுத்தியவை. அந்தப் பாறையின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. ஆக்சிசன் குறைந்த உட்புறத்தில் வாழ்பவை நைட்ரேட்டை நைட்ரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. உயிர்ப்பாறை என்று இன்று அழைக்கப்படுவது இதுவே.

1970-களிலும் 1980-களிலும் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள் இத்துடன் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற நுரைக் கருவியையும் இணைத்தனர். நுண்ணிய காற்றுக்குமிழிகளில் ஒட்டிக்கொள்ளும் கரிமக் கழிவை இது நுரையாக மேலேற்றி ஒரு கோப்பையில் சேர்க்கிறது. கழிவு அம்மோனியாவாக மாறும் முன்பே அகற்றப்படுவது இதன் சிறப்பு. பீட்டர் வில்கென்ஸ் 1973-இல் வெளியிட்ட நூலில், ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச்சொட்டாக விடும் முறையைப் பரப்பினார். பவளம் தன் கூட்டைக் கட்ட வேண்டிய கால்சியம் இதனால் கிடைத்தது.

ஒளியின் புதிர்

வெப்பமண்டலப் பவளங்களின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. 1881-இல் கார்ல் பிராண்ட் இவற்றுக்குச் சூசாந்தெல்லா என்று பெயரிட்டார். இவை பவளத்துக்கு என்ன செய்கின்றன என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. 1928-29-இல் ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டுக்குச் சென்ற மாரிஸ் யங் தலைமையிலான குழு, பவளங்களை இருட்டில் அடைத்து ஆராய்ந்தது. பவளங்கள் இரைபிடித்து உண்பவை, பாசிகள் அவற்றுக்கு உணவளிப்பதில்லை என்ற முடிவுக்கு யங் வந்தார். 1950-களில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, இருளைவிட ஒளியில் பவளம் வேகமாகக் கூடு கட்டுவது புலனாயிற்று. பாசிகள் ஒளிச்சேர்க்கையால் செய்யும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்கே போகிறது என்பதும் பின்னர் உறுதியாயிற்று.

இந்த அறிவு தொட்டிகளுக்கு வந்தபோது விளக்குகள் மாறின. கடல்நீர் சிவப்பொளியை விரைவில் உறிஞ்சிவிடும். நீல ஒளி ஆழத்துக்குச் செல்லும். எனவே 420 நானோமீட்டர் அளவில் நீல ஒளி தரும் ஆக்டினிக் குழல்விளக்குகளும், கடும் வெளிச்சம் தரும் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் பயன்பாட்டுக்கு வந்தன. மெட்டல் ஹாலைடு விளக்கு பவளத்தை வளர்த்தது. கூடவே நீரையும் சூடாக்கியது. பலர் குளிரூட்டும் கருவியும் வாங்க நேர்ந்தது. 1993-இல் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். இதற்காக 2014-இல் அவருக்கும் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த வெப்பத்தில் தேவையான நிற ஒளியை அளந்து தர இந்த விளக்குகள் வழிசெய்தன.

நீரும் ஒளியும் தனித்தனியல்ல

ஒளி கூடினால் பவளம் வேகமாக வளர்கிறது. வேகமாக வளர்ந்தால் நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் வேகமாக இழுத்துக்கொள்கிறது. விளக்கை மட்டும் மாற்றிவிட்டு நீரைச் சோதிக்காதவர் தொட்டியில் வளர்ச்சி நின்றுபோவது இதனால்தான். இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவை:

- வெப்பம்: 24 முதல் 27 பாகை செல்சியசு
- உப்புத்தன்மை: ஆயிரத்துக்கு 35 பங்கு
- கார அமிலக் குறியீடு: 8.1 முதல் 8.4
- கால்சியம்: லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்
- மக்னீசியம்: லிட்டருக்கு 1250 முதல் 1350 மில்லிகிராம்
- அம்மோனியா, நைட்ரைட்டு: கண்டறிய முடியாத அளவு

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி படர்ந்து பவளத்தை மூடும். அறவே இல்லாமல் போனாலும் பவளம் வெளிறி நலியும். ஒளியும் அவ்வாறே. புதிய பவளத்தைத் திடீரெனக் கடும் ஒளியில் வைத்தால் அது தன் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். கடல் சூடாகும்போது பவளத்திட்டுகள் வெளுப்பதற்கும் இதே பாசியிழப்புதான் காரணம்.

இன்றைய நிலை

சூறையாடலில் தொடங்கிய கலை இன்று காப்பாற்றும் கருவியாகவும் மாறிவருகிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியக ஆய்வாளர்கள், பருவகால வெப்பம், பகலின் நீளம், நிலவொளி ஆகியவற்றைத் தொட்டிக்குள் அப்படியே அமைத்துப் பவளங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்து, அதன் முடிவுகளை 2017-இல் வெளியிட்டனர். 2019-இல் புளோரிடா காட்சியகத்தில், அழியும் நிலையிலிருந்த தூண்பவளம் தொட்டியிலேயே முட்டையிட்டது. ஆனா தைனின் சாடியில் காற்று கலந்த நீர் போதுமானதாக இருந்தது. இங்கே நிலவின் ஒளி வரை அளக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2001 முதல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் ஒரு காலத்தில் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. ஆகவே நம் கடலிலிருந்து ஒரு துண்டுப் பவளத்தைக்கூட எடுத்துவந்து தொட்டியில் வைப்பது குற்றமாகும். ஒரு சிறு தொட்டியில் பவளத்தை வாழவைக்க இத்தனை ஆண்டுகளும் இத்தனை கருவிகளும் தேவைப்பட்டன. கடல் அதை எவர் உதவியுமின்றிச் செய்துவருகிறது. அந்தக் கடலைக் கெடாமல் காப்பதே இந்த வரலாறு கற்பிக்கும் முதல் பாடம்.