கழிவு, உரம், ரகசியம்

வடகிழக்குச் சீனாவின் ஃபூஷுன் நகரில் நிலக்கரிக்கு மேலே எண்ணெய்ப் பாறை படிந்து கிடக்கிறது. கரியை எடுக்க அதை அகற்றியாக வேண்டும். 1930ஐ ஒட்டி ஜப்பானியரின் தென்மஞ்சூரிய ரயில்வே கம்பெனி அந்தப் பாறையைச் சுட்டு எண்ணெய் வடித்தது. 1949க்குப் பின் ஆலைகள் மக்கள் அரசினுடையவை. எஜமான் மாறினான், கழிவு மாறவில்லை என்று எழுதினால் நம் தோழர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் என் அக்கறை வேறு: அந்தக் கழிவுக்கு ஒரு புதுப்பெயர் கிடைத்ததே, அதைப் பற்றியது.

1957இல் கழிவுநீர்ப் பாசனம் அரசின் ஆய்வுத் திட்டத்தில் இடம்பெற்றது. நகரச் சாக்கடையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு என்பது பொய்யல்ல. தண்ணியும் உரமும் சும்மா வருதுன்னா எந்த விவசாயி வேண்டாம்னு சொல்வான்? இதை ஏமாளித்தனம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஃபூஷுனிலிருந்து ஷென்யாங் நோக்கிப் போன வாய்க்காலில் சாக்கடை மட்டுமா ஓடியது? சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கழிவும் சேர்ந்தே ஓடியது. பாய்ந்த பரப்பு 10,000 ஹெக்டேருக்கும் மேல், பெரும்பாலும் நெல்வயல். எண்ணெய்க் கழிவுநீர் பாய்ந்த வயல்பரப்புகளில் சீனாவிலேயே பெரியது இதுதான்.

'உரநீர்' என்ற சொல்லாடலுக்குள் இரண்டு கழிவும் ஒன்றாயின. 1973இல் நடந்த முதல் தேசியச் சுற்றுச்சூழல் மாநாட்டின் 32 எழுத்துக் கொள்கையிலும் 'தீங்கை நன்மையாக்கு' என்றொரு வரி உண்டு. யாருடைய தீங்கு, யாருக்கு நன்மை என்று அது பிரித்துச் சொல்லவில்லை. ஆலைக்குச் சுத்திகரிப்புச் செலவு மிச்சம்; அந்தக் கணக்கு வயலின் பற்றில் ஏறியது.

மண்ணுக்கு முழக்கம் புரியாது. எண்ணெய் மண்துகளைப் போர்த்திக்கொள்ளும். காற்றும் நீரும் இறங்கத் திணறும். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகிப் பயிருக்கான தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். இலேசான கூறுகள் ஆவியாகிவிடும், சிதையும். பல வளையங்கள் கோத்த கனத்த ஹைட்ரோகார்பன்களோ, புற்றுநோய் தரும் பென்சோபைரீன் உட்பட, பாசனத்தை நிறுத்திய பிறகும் பல்லாண்டு கிடக்கும். நம்மூரில் தலைமடைக்காரன் கொடுத்துவைத்தவன். இங்கே தலைமடை மண்ணில்தான் நஞ்சு அதிகம்.

இவ்வளவுக்கும் 1995இன் மண் தரநிர்ணயத்தில் எட்டு உலோகங்களும் இரண்டு பூச்சிமருந்துகளும் இருந்தன, பெட்ரோலியம் இல்லை. ஆக, சட்டத்தின் கண்ணுக்கு அந்த வயல்களில் எண்ணெயே கிடையாது! 2005இல் தொடங்கிய தேசிய மண் ஆய்வின் விவரத்தை 2013இல் ஒரு வழக்கறிஞர் கேட்டார். அரசு ரகசியம் என்று கையை விரித்தார்கள். எண்ணெயோடு சேர்ந்து மண்ணும் ரகசியமானது. எதிர்ப்பு எழுந்த பின், 2014 ஏப்ரலில் சுருக்க அறிக்கை வந்தது: ஆராய்ந்த 55 கழிவுநீர்ப் பாசனப் பகுதிகளில் 39இல் மண் கெட்டிருக்கிறது, முக்கிய மாசுகள் காட்மியம், ஆர்சனிக், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். அந்த 39இன் பெயர்ப் பட்டியல் அதில் இல்லை.

2018இன் புதிய தரநிர்ணயத்தில் பென்சோபைரீனுக்கு ஒரு கிலோ மண்ணுக்கு 0.55 மில்லிகிராம் என்று வரம்பு வந்தது. கட்டாயப் பட்டியலில் அல்ல. உள்ளூர் அதிகாரிகள் விரும்பினால் சோதிக்கலாம் என்ற பட்டியலில்.