கணினிக்குள் கணினி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், டெக்னாலஜி சதுக்கம் 545 என்ற கட்டடத்தில் 1964ஆம் ஆண்டு இரண்டு குழுவினர் வெவ்வேறு தளங்களில் வேலை செய்துகொண்டிருந்தனர். ஒரு குழு எம்.ஐ.டி.யின் 'ப்ராஜெக்ட் மேக்' ஆய்வாளர்கள். மற்றது ஐ.பி.எம். புதிதாகத் தொடங்கிய ஒரு சிறிய அறிவியல் மையம். ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் 'காலப் பகிர்வு' முறையில் எம்.ஐ.டி.காரர்கள் முன்னோடிகள். அவர்கள் மல்டிக்ஸ் என்ற பெரும் இயங்குதளத்தைக் கட்ட முனைந்தபோது, அதற்கான இயந்திரத்தை ஐ.பி.எம்.மிடம் வாங்காமல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்க முடிவெடுத்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஐ.பி.எம். முழக்கத்தோடு அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், நிரல் சொல்லும் நினைவக முகவரியை ஓடும்போதே வேறொரு முகவரியாக மாற்றித்தரும் வன்பொருள் இல்லாததே முக்கியக் காரணம்.

இன்று உலகின் சர்வர் அறைகளில் அடித்தளமாக இருக்கும் ஹைப்பர்வைசர், இப்படி வாடிக்கையாளரை இழந்த ஒரு நிறுவனத்தின் ஓரத்து அலுவலகத்தில் பிறந்தது. மேக் திட்டத்திலிருந்து ஐ.பி.எம்.முக்கு வந்திருந்த ராபர்ட் க்ரீஸி, லெஸ் கோமோவோடு சேர்ந்து 1964 இறுதியில் அதன் வடிவத்தை வகுக்கத் தொடங்கினார். பயனருக்குக் கணினியின் ஒரு பங்கைத் தருவதற்குப் பதிலாக, முழுக் கணினியே தன்னுடையது என்ற மயக்கத்தைத் தந்தால் என்ன? கணினிகளைத் தோற்றுவித்துக் காக்கும் வேலையை ஒரு நிரல் பார்த்துக்கொள்ளட்டும். அக்கணினிகளுக்குள் மனிதரோடு உரையாடும் வேலையை இன்னொன்று கவனிக்கட்டும். முகவரி மாற்றும் கருவியைத் தனியாகப் பொருத்திய ஒரு 360/40 இயந்திரத்தில், சி.பி.-40 என்ற இந்த அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே 14 மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் தனக்கே 256 கிலோபைட் நினைவகம் உண்டென்று நம்பியது. அசல் இயந்திரத்தின் மொத்த நினைவகமும் அவ்வளவுதான்!

இயங்குதளத்தின் கருவை அக்காலத்தில் 'சூப்பர்வைசர்' என்றனர். அந்த மேற்பார்வையாளரையும் மேற்பார்ப்பது என்ற பொருளில் ஹைப்பர்வைசர். பெயரில் மேலே இருப்பதை எல்லோரும் 'அடியில் இருப்பது' என்றே பேசுவது ஒரு வேடிக்கை.

அடுத்து வந்த சி.பி.-67, 1968இல் வாடிக்கையாளர்களுக்கு மூலநிரலோடு போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் அதிகாரபூர்வமான காலப் பகிர்வு இயங்குதளம் டி.எஸ்.எஸ்./360தான்; இது மாற்றாந்தாய்ப் பிள்ளை. ஆகவே நிறுவுவதும் பழுது பார்ப்பதும் பெரும்பாலும் பயன்படுத்துவோர் பொறுப்பாயிற்று. அவர்கள் மூலநிரலைத் திறந்தார்கள், திருத்தினார்கள், சில நேரம் உடைத்தார்கள். எம்.ஐ.டி.யில் டாம் வான் வ்ளெக் எழுதிய முனையக் கட்டுப்பாட்டு நிரல், ஒரு வரியின் நீளம் 255 எழுத்தைத் தாண்டாது என்று எண்ணி ஒற்றை பைட்டில் கணக்கிட்டது. 1200 எழுத்து தேவைப்பட்ட ஒரு புதுக் கருவிக்காக வேறொருவர் உச்சவரம்பை மட்டும் உயர்த்த, அமைப்பு ஒரே நாளில் 27 முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தானாக எழுந்தும் கொண்டது. மல்டிக்ஸ் விழுந்தால் அதன் கோப்புகளைச் சீராக்கவே ஒரு மணி நேரம் ஆகும். 27 முறை விழுந்ததைவிட 27 முறை எழுந்ததே அக்கம்பக்கத்தில் பேச்சாயிற்று என்பதை நினைக்கும்போது, பராமரிப்பு என்ற சொல்லின் பொருள் எனக்குச் சற்று மாறித் தெரிகிறது.

இதன் ஆகச் சிறந்த வசதி வேறு. ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஹைப்பர்வைசரையே ஓட்டலாம். புதிய பதிப்பைப் பழைய பதிப்பின் வயிற்றுக்குள் இயக்கி, அது விழுந்தாலும் பிறர் வேலை கெடாமல் சோதிக்கலாம். 1972 ஆகஸ்டில் வி.எம்./370 என்ற முறையான பெயரோடு இது விற்பனைச் சரக்கானபோதும் மூலநிரல் கூடவே சென்றது. 1983இல் ஐ.பி.எம். இனி இயந்திரமொழி வடிவம் மட்டுமே தரும் கொள்கையை அறிவித்தது. பயனர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வாதாடின, கதவு மூடப்பட்டது.

பிறகு மலிவான கணினிகளின் காலம். மெய்நிகராக்கத்துக்கு ஓர் இயந்திரம் எப்படியிருக்க வேண்டும் என்று 1974இலேயே பாப்பெக், கோல்ட்பர்க் இருவரும் வரையறுத்திருந்தனர்: இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஆணை எதுவாயினும், சலுகையற்ற நிரல் அதை இயக்கினால் கட்டுப்பாடு மேலாளரிடம் போய்ச் சேர வேண்டும். பென்டியத்தில் 17 ஆணைகள் இந்த விதிக்கு அடங்கவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர், அவற்றை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதித் தப்பித்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்து 2003இல் வெளிவந்த ஸென், விருந்தினராக வரும் இயங்குதளத்தையே திருத்தச் சொன்னது; மூலநிரலும் திறந்திருந்தது. 2005-06இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் சில்லிலேயே வழி செய்தபின், 2007இல் கே.வி.எம். லினக்ஸின் கருவோடு கலந்தது.

2003இல் விஎம்வேர் இன்னொன்றையும் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினி, நிற்காமலே ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நம் சித்தர்களோடு சேர்த்துச் சொன்ன வித்தை! சர்வர் அறையில் இதன் பயன் மிகச் சாதாரணமானது. ஒரு சர்வரைக் காலி செய்து, திருத்தம் போட்டு, மீண்டும் துவக்கிவிட்டு, போனவற்றைத் திரும்ப அழைக்கலாம். நள்ளிரவுப் பராமரிப்பு வேலை பகலுக்கு வந்தது.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனை நின்றது. இனி சந்தா மட்டுமே. 1983ஐ அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் அன்று மூலநிரல் கையில் இருந்த பழக்கமாவது இருந்தது.

வெளியேற விரும்புவோருக்கு வட்டுக் கோப்பை வடிவம் மாற்றுவது எளிய வேலை. சிக்கல் விருந்தினரிடம் இருக்கிறது. தான் மெய்நிகர் என்றே அறியாதிருக்க வேண்டிய இயங்குதளம், இத்தனை ஆண்டுகளில் வேகத்துக்காக அந்த ஹைப்பர்வைசருக்கென்றே எழுதிய இயக்கிகளைப் பழகிவிட்டது. விண்டோஸ் சர்வரைக் கே.வி.எம்.முக்கு மாற்றுவோர், புறப்படும் முன்பே புதிய வீட்டின் வட்டு இயக்கியை அதற்குள் நிறுவிவிடுகிறார்கள். மறந்துவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்குத் தன் வட்டே கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும்.