முதலில் கான், பிறகு கன்று

சென்ற ஒக்டோபரில் ஒரு பின்னேரம். இரண்டு மணித்தியாலம்தான் மழை பெய்தது. எங்கள் பஸாரில் பதினொரு கடைகளுக்குள் சேறு புகுந்தது. ஒரு பலசரக்குக் கடையில் கீழே அடுக்கியிருந்த மா மூட்டையும் சீனி மூட்டையும் முழுதாகப் போயின. எல்லோரும் மழையைத்தான் திட்டினோம்.

அடுத்த நாள் காலை மண்வெட்டியோடு கானைத் துப்புரவாக்கப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. கானுக்குள் பொலித்தீனும் போத்தலும் கொஞ்சம்தான். மீதியெல்லாம் சிவப்பு மண். மேலே ஒரு வணிகக் கட்டிடத்துக்காகப் பெக்கோ வெட்டித் திறந்துவிட்ட மேட்டின் மண். மதகின் வாய் அந்த மண்ணால் அடைபட்டிருந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை, கடைக்குள் வந்தது.

அந்த வாரமே வகுப்பில் பெருந்தோட்டப் பாடம். கோப்பி, தேயிலை, ஆண்டுகள், தேசாதிபதிகளின் பெயர்கள் என்று போய்க்கொண்டிருந்தோம். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன் எழுந்தான். “சேர், எங்க மலையிலயும் அதே மழைதான் பேஞ்சது. தேயிலைக்குள்ள மண்ணு இப்படிப் போகலையே?” என்று கேட்டான். பதிலையும் அவனே சொன்னான்: “அங்க கான் இருக்கு சேர். கானுக்குள்ள தடுப்பு இருக்கு.”

அந்தக் கானைப் பற்றி ஆசிரியர் கலாசாலையில் நாம் எழுதிக்கொண்ட குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. பாடப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அதைத் தேடிப் படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் தானும் கோப்பி நட்டார். 1840 இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் சேனை நிலமும் முடிக்குரியவை என்றானது. அவை தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. மலை மலையாகக் காடு வெட்டி எரிக்கப்பட்டது.

காட்டு நிலத்தில் மழை நேராக மண்ணில் விழுவதில்லை. இலையில் விழுந்து, சருகில் சொட்டி, வேர் வழியாக மெல்ல உள்ளே இறங்கும். கோப்பித் துரைமார் அந்தச் சருகையும் விட்டுவைக்கவில்லை. செடிக்கு நடுவே ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது அன்றைய தோட்ட ஒழுங்கு. மாதம் தவறாமல் புல் வெட்டினார்கள். நிலம் பார்க்கத் துடைத்தெடுத்த மாதிரி இருக்கும். பருவமழை வந்தால் அந்தத் துடைத்த நிலத்தின் மேல் மண்தான் முதலில் கழுவுப்பட்டுப் போனது. தோட்டம் வாழ்ந்ததே அந்த மேல் மண்ணில்தான்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1873 இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், இலங்கையின் உயர்ந்த மலைக் காடுகளை வெட்டுவதால் வரும் கேட்டைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. அதற்குக் கீழே போனது போனதுதான். 1869 இல் தெரியவந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. பல இடங்களில், ஏற்கெனவே மண் மெலிந்த அதே சரிவில்தான் தேயிலையும் நடப்பட்டது.

தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 இல் தொடங்கப்பட்டது. 1931 இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை வந்தது. சிங்ஹபிட்டியவிலிருந்து எண்ணினால் இடையில் நூறு வருடங்களுக்கும் மேல். 1947 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகுதான் 1951 இன் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மேலே ஒருவர் தன் நிலத்தை வைத்திருக்கும் விதம் கீழே உள்ளவரின் வயலையும் ஆற்றையும் பாதிக்கும், ஆகவே அது அவருடைய தனி விஷயம் அல்ல. இந்த எளிய நியாயத்தைச் சட்டமாக எழுத இவ்வளவு காலம் எடுத்தது.

இனி அந்த மாணவன் சொன்ன கானுக்கு வருவோம். தேயிலையை மீள நடும்போது வேலை மேலிருந்து தொடங்கும். முதலில் மலையை நடந்து பார்ப்பார்கள். தண்ணீர் இயற்கையாக இறங்கும் ஓடை எது என்று கண்டுகொள்வார்கள். அந்த ஓடையை மூடமாட்டார்கள், திருப்பவும் மாட்டார்கள். பிறகு சரிவுக்குக் குறுக்கே, மலையின் இடுப்பைச் சுற்றியது போலக் கான் வெட்டுவார்கள். அதன் இறக்கம் 120 அடிக்கு 1 அடி. கண்ணால் பார்த்தால் மட்டம் போலவே தெரியும். அதனால்தான் கருவி வைத்து அளந்து, முளை அடித்து, பிறகு வெட்டுவது. இறக்கம் கூடினால் தண்ணீர் ஓடி, கானையே அரித்து, மண்ணையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். இறக்கமே இல்லாவிட்டால் தேங்கிக் கரை உடைக்கும்.

கானுக்குள் இடைக்கிடை மண்ணை வெட்டாமல் தடுப்பாக விடுவார்கள். அந்தத் தடுப்பு கானின் கரையைவிடத் தாழ்வாக இருக்கும். இரண்டு தடுப்புக்கு இடையே ஒரு குழி. தண்ணீர் முதலில் குழியை நிரப்பும். வேகம் அடங்கும். மண் அடியில் படியும். தெளிந்த நீர்தான் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். கடைசியாகக் கல் பதித்த பெரிய கான் வழியாக ஓடையில் சேரும். மழை முடிந்தபின் குழியில் படிந்த மண்ணை வாரித் தேயிலைக்கே போடுவார்கள். இவ்வளவும் ஆன பிறகு, கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றி, அதற்குப் பிறகே தேயிலைக் கன்று. முதலில் கான், பிறகு கன்று. வரிசை மாறினால் மண் நிற்காது.

அந்தக் கான்களை வெட்டியவர்கள் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். துரைமாரின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. கான் வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்த நாட்டின் மலை மண்ணைத் தங்கள் கையால் பிடித்து வைத்தவர்கள் அவர்கள் என்பதை நமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கான் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்மேடு மூடியது. அது மேல் மண் கழுவுப்படும் கதை அல்ல, மலையே உள்ளிருந்து வழுக்கும் கதை. அப்படிப்பட்ட சரிவில் தண்ணீரைப் பிடித்து வைத்தால் ஆபத்து கூடும். எங்கே பிடிப்பது, எங்கே விரைவாக வெளியேற்றுவது என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற துறைசார்ந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நமது கதை. கண்டி இராச்சிய காலத்திலேயே தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி மலைக்குப் போனவர்கள் நமது முன்னோர். பாதை வந்தது, 1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது, பிறகு சந்திக்குச் சந்தி கடை வந்தது. மலைநாட்டில் மட்டமான நிலம் எங்கே கிடைக்கும்? ஆற்றோரத்திலும் வயலோரத்திலும்தான். அதனால் பஸாரும் அங்கேதான் உருவானது. பழைய கடைகளைக் கவனியுங்கள். இரண்டு மூன்று படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். பின்னால் வயல் இருந்தது. மழை கூடினால் தண்ணீர் வயலுக்குப் போகும்.

அரை அடி வரம்பு கட்டிய 40 பேர்ச் வயல் வெறுமையாக இருந்தால், சுமார் 150,000 லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதே 40 பேர்ச்சை நிரப்பிக் கட்டிடமும் கொங்கிரீட் முற்றமும் போட்டால், 100 மில்லிமீற்றர் மழைக்குச் சுமார் 100,000 லீற்றர் தண்ணீரை அது வெளியே தள்ளும். 10,000 லீற்றர் பவுசரில் பத்து பவுசர். அந்தப் பத்து பவுசரும் போவது பக்கத்துக் கடைக்குத்தான். பிங்கா ஓயா பெருகி அக்குறணை பஸார் மூழ்கும் படங்களைச் செய்திகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? எங்கள் ஊரும் அதே பாதையில்தான் போகிறது.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. 1851 இல் அயர்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் மல்வனி எழுதி வைத்தார். மழை எவ்வளவு உரமாகப் பெய்கிறது, நிலம் எவ்வளவு, அந்த நிலம் விழும் நீரில் எத்தனை பங்கைத் தள்ளிவிடுகிறது. இந்த மூன்றையும் பெருக்கினால் கானின் அளவு வரும். காடு சிறு பங்கைத்தான் தள்ளும். கூரையும் கொங்கிரீட்டும் ஏறக்குறைய முழுவதையும் தள்ளும். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கே விளங்கும் கணக்கு.

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பஸாருக்குப் பின்னால் உள்ள பொதுக் காணியில் கடைத்தொகுதி கட்டப் பேச்சு நடக்கிறது. வாடகை வருமானம் வறிய மாணவர்களின் படிப்புக்குப் போகும். நல்ல நோக்கம். அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம். எத்தனை கடை, எவ்வளவு முற்பணம், வாகனம் எங்கே நிறுத்துவது என்று எல்லாம் கேட்டோம். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. மேட்டை வெட்டிய அந்த முதலாளியைக் குறைசொன்ன அதே வாயால் இந்தத் திட்டத்துக்குச் சரி சொன்னோம். வறிய பிள்ளைகளுக்காகக் கட்டும் கட்டிடம் இன்னொரு வறிய கடைக்காரரின் மா மூட்டையை நனைக்கலாமா?

ஆகவே, பெக்கோ வருவதற்கு முன் நான்கு விடயங்களைக் கேட்போம்.

1. காணிக்கு மேலிருந்து வரும் தண்ணீரை வெட்டுமிடத்துக்குள் விடாமல், மேல் எல்லையிலேயே கான் வெட்டித் திருப்பி ஓடையில் சேர்க்க வேண்டும். இது அத்திவாரத்துக்கு முன் நடக்க வேண்டும்.

2. காணியின் கீழ் மூலையில் மண் படியும் குழி வேண்டும். வேலை முடியும் வரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதை வாரி எடுக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

3. முழுக் காணியையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. வேலை நடக்கும் பகுதியை மட்டும் வெட்டி, வெட்டிய சரிவில் உடனே புல் பதிக்க வேண்டும். மண் குவியலைப் படங்கால் மூட வேண்டும்.

4. கூரைத் தண்ணீரில் முதல் 25 மில்லிமீற்றரையாவது காணிக்குள்ளேயே பிடிக்க வேண்டும். 40 பேர்ச்சுக்கு அது சுமார் 25,000 லீற்றர் தொட்டி. ஒரு கடைப் பகுதி குறையலாம். குறையட்டும்.

செலவு கூடும் என்பார்கள். கோப்பித் துரைமாரும் அப்படித்தான் கணக்குப் பார்த்திருப்பார்கள். அவர்கள் மிச்சம் பிடித்த பணத்துக்கு மலை தன் மண்ணைக் கொடுத்தது. நாம் மிச்சம் பிடிக்கும் பணத்தைக் கீழே உள்ள பதினொரு கடைக்காரர்கள் கொடுக்கப் போகிறார்கள்.

ஊரின் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பஸாருக்குப் பின்னால் முன்பு வயலாக இருந்த காலத்தில் பழைய கான் எந்த வழியாக ஓடியது, எந்த மதகில் சேர்ந்தது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது பாடசாலைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எமது மாணவர்கள் வந்து கேட்டு, நடந்து பார்த்து, ஒரு படம் வரைவார்கள். அந்த மாணவனுக்குத்தான் முதல் பொறுப்பு கொடுத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் படம் நமது கையில் இருக்கும்.